ஹாலோஜனைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
என் கார் பத்து வருடப் பழசு, ஹாலோஜன் விளக்கு. வேலை முடிந்து மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் திரும்ப இரவு பத்தாகிவிடும். சம்பா அறுப்பு நடக்கிறது. பாதி ரோட்டில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அந்தக் கல்லில் டயர் ஏறிய பிறகுதான் குவியலே கண்ணில் பட்டது. எல்.இ.டி. மாற்றினால் போலீஸ் பிடிக்குமா?

கும்பகோணத்தான்:
தாராளமாகப் போடுங்கள். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்று பயமுறுத்துவார்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ள விவரம் மாறக் கூடாது என்பதுதான் அது. ஆர்.சி.யில் பல்பு எங்கே இருக்கிறது?

பழைய அம்பாசிடர்:
அண்ணே, 52-ஐ விடுங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஐப் பாருங்கள். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசக் கூடாது. எதிரே பைக்கில் வருகிறவனின் கண் ஏறக்குறைய அந்த உயரம்தான். உங்கள் பல்பு தேறுமா? 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் அது உங்கள் ராசி, சட்டம் இல்லை.

கும்பகோணத்தான்:
விதி எல்லாம் கார்க்காரனுக்கு மட்டும்தானா? வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் பின்னால் சிவப்பு விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் சட்டப்படி எரிய வேண்டியதுதானே? முதலில் அதைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பழைய அம்பாசிடர்:
டிரெய்லர் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் முகப்புப் படத்தில் நிற்பது உங்கள் கார்தானே? பின்விளக்கில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதே!

கும்பகோணத்தான்:
அது லேசான ஸ்மோக். பிரேக் அடித்தால் நன்றாகத் தெரியும்.

பழைய அம்பாசிடர்:
மார்கழிப் பனியிலுமா?

ஸ்பேனர் தம்பி:
நான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எல்.இ.டி. விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தாலும் சொல்கிறேன். ஹாலோஜனில் ஒளி வருவது ஒரு மெல்லிய இழையிலிருந்து. ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்.இ.டி. பல்பில் சிப் தண்டின் இரண்டு பக்கமும் இருப்பதால் வெளிச்சம் மேலே சிதறும். பக்கத்தில் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் நெல் குவியல் தெரியாது. கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வரும் வண்டி வேறு, அதன் விளக்கே அதற்கென்று செய்தது. கூரையில் ஸ்பாட் லைட் கட்டலாமா என்று அடுத்து கேட்பார்கள். 111-வது விதிப்படி அதற்கு ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வேண்டும்.

பத்து வருட வண்டி என்றால் விளக்குக் கண்ணாடி மஞ்சளடித்திருக்கும். பாலிஷ் போட்டு, அதே 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்பைப் புதிதாக மாற்றி, வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து லெவல் திருகைச் சரி பண்ணுங்கள். 100/90 பல்பு வேண்டாம், ஹோல்டர் உருகும்.

வெண்ணாற்றங்கரை:
மஞ்சளடித்திருப்பது உண்மைதான் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டுப் பார்க்கிறேன்.

கும்பகோணத்தான்:
அப்புறமும் நெல் தெரியவில்லை என்றால் சொல்லுங்கள், பல்பு வாங்க நான் கூட வருகிறேன்.