மண் தடத்தில் ஓடும் மைக்ரோ ஸ்பிரிண்ட்: பின் டயர் ஏன் சமமாக இல்லை?

ஊத்தங்கரை பட்டறை:
இருபது வருடமாக பைக் இன்ஜின் பிரிக்கிறேன். அமெரிக்காவில் மண் தடத்தில் ஓடும் மைக்ரோ ஸ்பிரிண்ட் என்ற சின்ன ரேஸ் கார்களை ராத்திரி பூரா வீடியோவில் பார்த்தேன். 600 சிசி பைக் இன்ஜின், செயின், எல்லாம் என் கைக்குப் பழகியதுதான். வலது பின் டயர் மட்டும் ஏன் பெரிது அண்ணா?

பாலக்கோடு டிராக்டர்:
தம்பி, அவர்கள் எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். பின்னச்சில் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்) கிடையாது, இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலும். வலது டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிக தூரம் போவதால் வண்டி தானே இடப்பக்கம் திரும்பும். டீ டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பாரு.

காவேரிப்பட்டினம்:
மண்ணையும் பாருங்கள். ஈரம் காய்ந்தால் பிடிப்பு போய்விடும், நம் மாந்தோப்புச் செம்மண் வண்டிப்பாதை போல. அதற்கேற்ப டயர் காற்றை மாற்றுவார்கள்.

ஊத்தங்கரை பட்டறை:
உருட்டினேன் அண்ணா. அடிப்பக்கமாகவே வளைந்து வட்டமடித்தது!