ஆன்டிபயாடிக்கால் குழந்தைக்கு மூட்டழற்சி வருமா?

கயல்: மகளுக்கு முழங்கால் வீங்கி, சிறார் மூட்டழற்சின்னு சொல்லிட்டாங்க. கைக்குழந்தையா இருந்தப்போ காதுவலிக்கும் சளிக்கும் ஆன்டிபயாடிக் நிறையக் கொடுத்தோம். குடல் கிருமிகள் செத்ததால்தான் இது வந்திருக்கணும். மூட்டழற்சியை அடக்க எழுதின மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்தாலே வாந்தி. அதை நிறுத்திட்டு புரோபயாடிக் (குடலுக்கு நல்ல கிருமிகள் உள்ள மருந்து) மட்டும் கொடுக்கப் போறேன்.

இளங்கோ: தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. குடல் கதை இன்னும் நிரூபணமாகல.

மருதன்: கதைன்னு தள்ளாதீங்க சார். 2015ல் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வச்சு வந்த ஆய்வில், ஆன்டிபயாடிக் எடுத்த பிள்ளைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பூஞ்சை, வைரஸ் மருந்துகளுக்கு அந்தத் தொடர்பே இல்லை. மூட்டழற்சியோட தொடர்புள்ள எச்எல்ஏ-பி27ங்கிற மனித மரபணு ஏற்றிய எலிகளைக் கிருமியே அண்டாத சூழலில் வளர்த்தா மூட்டு அழற்சி வர்றதில்லைன்னு 1994லேயே காட்டிட்டாங்க.

இளங்கோ: எலி சரி. ஆனா இந்நோய் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வருவது. இரு மடங்குன்னா இரண்டு. மிச்சம் 998 பேரும் அதே மருந்தைச் சாப்பிட்டு நல்லாத்தான் இருக்காங்க. தவிர, எதிர்ப்புச் சக்தியில் ஏற்கெனவே கோளாறு இருக்கிற குழந்தைக்கு அடிக்கடி தொற்று வரும், அதனால் மருந்தும் கூடும். எது முன்னால, எது பின்னால?

மருதன்: அதே ஆய்வில் இதுக்கும் பதில் இருக்கு. ஆன்டிபயாடிக் இல்லாமல் ஆறிய சளித் தொற்றுகளுக்கு மூட்டழற்சியோட தொடர்பு தெரியல.

இளங்கோ: கடுமையான தொற்றுக்குத்தானே மருந்து எழுதுவாங்க? லேசானதை வச்சு ஒப்பிட்டா எப்படி? சரி, காரணம் குடல்தான்னே வச்சுப்போம். புரோபயாடிக் கொடுத்தாச் சரியாயிடுமா? இந்தியாவில் 46 பிள்ளைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. போலி மருந்து வாங்கினவங்களைவிடப் பெரிய பலன் இல்லை.

மருதன்: அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது, தசைநாண் எலும்போட ஒட்டும் இடத்தில் வர்ற வகை. பெரும்பாலும் வளர்ந்த பையன்களுக்கு. கயலோட பொண்ணுக்குப் பொருந்தாது.

இளங்கோ: பொருந்தாதுன்னா, இவங்க எதை நம்பி மருந்தை நிறுத்தணும்?

கயல், ஒண்ணு கேக்கணும். கண்ணைக் காட்டினீங்களா? சின்னப் பெண் குழந்தைகளுக்கு, அதுவும் ஏஎன்ஏங்கிற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்னா, கண்ணுக்குள்ளே அழற்சி வரும். சிவக்காது, வலிக்காது. கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப்ங்கிற விளக்குக் கருவி வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். விட்டா பார்வையே போகலாம். மெத்தோட்ரெக்சேட் கண்ணுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யுது. வாந்திக்கு ஃபோலிக் அமிலம் தருவாங்க, மாத்திரையை ஊசியா மாத்துவாங்க. டாக்டர்கிட்ட கேளுங்க.

கயல்: ரிப்போர்ட்டில் ஏஎன்ஏ பாசிட்டிவ்தான் போட்டிருக்கு. கண்ணைப் பத்தி யாருமே சொல்லலையே!

மருதன்: இந்த வாரமே காட்டிடுங்க சகோதரி. மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் எழுதல. ஆனா சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதுறதை இளங்கோ சார் இன்னும் கண்டிக்கவே இல்லை.

இளங்கோ: கண்டிக்கிறேன். வைரஸ் சளிக்கு அது வேலையே செய்யாது. அதுக்கு மூட்டழற்சியைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.