வேத வாசிப்பும் கீழ்ப்படிதலும்: உங்கள் ஆலோசனை வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேதாகமத்தின் 1189 அதிகாரங்களையும் ஒரே வருடத்தில் முடிக்கும் அட்டவணைப்படி, அதிகாலையில் மூன்று நான்கு அதிகாரங்கள் வாசித்து, முடித்தவற்றைப் பென்சிலால் குறித்து வருகிறேன். சென்ற வாரம் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில், முற்றிலும் அழிக்கும்படி தேவன் கட்டளையிட்டிருந்த அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நலமானவற்றை ஜனங்கள் பலியிடுவதற்கென்றே தப்பவைத்தார்கள் என்று சவுல் ராஜா சொல்ல, பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதலே உத்தமம் என்று தீர்க்கதரிசி சாமுவேல் பதிலளிக்கும் இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது.

ஏனெனில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24-ஐ எத்தனையோ முறை குறித்துக் கடந்திருக்கிறேன். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன என் அண்ணன் வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. (அட்டவணையில் ஒரு நாள் தவறினால் வருந்துகிற நான் இதற்கு வருந்தியதில்லை.) தேவன் சொன்னபடி தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆபிரகாமோ, அந்தக் கீழ்ப்படிதலையே தொழுகை என்று வேலைக்காரரிடம் சொல்கிறார்.

வாசித்ததில் அன்றே கைக்கொள்ள வேண்டியதை நீங்கள் எப்படிக் கண்டுகொண்டு, எங்கே எழுதி வைக்கிறீர்கள்? அது நிறைவேறும்வரை அடுத்த அதிகாரத்துக்குப் போகாமல் காத்திருப்பதுண்டா? பிரிந்த உறவைத் தேடிப் போனவர்கள், முதல் வார்த்தையை எப்படி எடுத்தீர்கள் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்; ஞாயிறு ஆராதனைக்கு முன் போய்வர நினைக்கிறேன்.