ஸ்விஃப்டுக்கு 15 அங்குல அலாய் சேருமா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2019 மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ இருக்கிறது. 14 அங்குல இரும்பு டிஸ்க், 165/80 ஆர்14 டயர். டயர் நன்றாகத் தேய்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 15 அங்குல அலாய் சக்கரம் நான்கு தருகிறார். 185/65 ஆர்15 போடலாம் என்றிருக்கிறேன்.

டயர் அளவில் கவலையில்லை. கணக்குப் போட்டால் மொத்த உயரம் 619.6 மி.மீ.யிலிருந்து 621.5 ஆகிறது, அவ்வளவுதான். ஓட்டைகளும் பொருந்துகின்றன: 4 போல்ட், 100 மி.மீ. வட்டம்.

அலாயின் நடு ஓட்டைதான் இடிக்கிறது. அது 60.1 மி.மீ., வண்டியின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 54.1. இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும் என்கிறார்கள். மதுரைப் பக்கம் அந்த ரிங் எங்கே கிடைக்கும்?

அப்புறம் ஆஃப்செட், அதாவது ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. அலாயில் ஈடி 38 என்று பொறித்திருக்கிறது. இந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் உரசுமா? கடைக்காரர், "மாட்டிப் பார்த்துக்கலாம் சார்" என்கிறார். அம்மாவும் குழந்தைகளும் போகிற வண்டி, எனக்கு மனம் வரவில்லை. இதே அளவு போட்டு ஓட்டியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பழைய நட்டே போதுமா, அலாய்க்குத் தனி நட்டு வாங்க வேண்டுமா என்பதையும்.