கிராண்ட் கேன்யனில் எதிர்ப்பட்ட உயிர்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அரிசோனா போய் வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளத்தின் ஆழத்தைத்தான் சொல்வார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 446 கிலோமீட்டர் நீளம், மலைக்கத்தான் வைக்கும். ஆனால் என் மனதில் தங்கிவிட்டது எண் மாட்டிய ஓர் இறக்கை.

தெற்கு விளிம்பில், லுக்அவுட் ஸ்டுடியோ பக்கத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தேன். வெயில் ஏறி, பாறை சூடாகி, பள்ளத்திலிருந்து காற்று மேலே கிளம்பும் நேரம். கீழே செம்பாறை மேல் ஒரு நிழல் ஓடியது. ஏதோ குட்டி விமானம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன், வானத்தில் ஒன்றுமில்லை. அதற்குள் என் காலடிப் பள்ளத்திலிருந்தே எழும்பி, கண்மட்டத்துக்கு வந்துவிட்டது கலிபோர்னியா கான்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு. ஒன்பதரை அடி அகல இறக்கை. ஒருமுறைகூட அடிக்கவில்லை. இறகுகளுக்கு நடுவே காற்று சீறுவது காதில் விழுந்தது. முடியில்லாத ஆரஞ்சுத் தலை, விரல் விரித்தாற்போல் சிறகு நுனி, இறக்கைக்கு அடியில் வெள்ளைப் பட்டை. அந்த எண் அட்டையும் தெளிவாகத் தெரிந்தது.

எண் எதற்கு என்று பிறகுதான் படித்தேன். 1982இல் உலகம் முழுக்க இருந்தவை 22 பறவைகள்தான். 1987இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 1996இல்தான் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸில் திரும்பப் பறக்க விட்டார்கள். ஒவ்வொன்றையும் அடையாளம் காணத்தான் அந்த எண். ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். வேட்டையில் விழுந்த விலங்கைத் தின்னும்போது ஈயக் குண்டின் துகள் வயிற்றுக்குள் போய், இன்றும் சாகின்றன. ஈயம் கலக்காத குண்டு கடையில் கிடைக்கும்போது இந்தச் சாவு எதற்கு என்று ஆற்றாமையாக இருக்கிறது.

—

அக்கா, படிக்கவே சிலிர்க்குது. நான் சவுத் கைபாப் பாதையில கீழே இறங்கினேன். ஸ்கெலிட்டன் பாயின்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவா இறங்குற இடத்துல, மேலேயிருந்து கல்லு சரசரன்னு உருண்டுச்சு. பார்த்தா சுருட்டின கொம்போட ஒரு காட்டுச் செம்மறிக் கிடா. நிக்கவே இடமில்லாத பாறையில நின்னு என்னையே பார்த்துச்சு. அது போற வரைக்கும் நான் அசையல. உருண்டு வந்த ஒரு துண்டு கால்கிட்ட உடைஞ்சு கிடந்துச்சு. வெளியே சிவப்பு, உள்ளே சாம்பல் நிறம். ரெட்வால்னு சொல்ற இந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்கு முழுக்க அப்படித்தானாம். மேலடுக்குல இருந்து மழைத்தண்ணி கொண்டு வர்ற இரும்புத் துரு பூசின சிவப்பு அது. போறவங்க கவனிங்க: அந்தப் பாதையில சொட்டுத் தண்ணி கிடையாது. கோடையில கீழே கொலராடோ ஆத்தோரம் 40 டிகிரியைத் தாண்டும்.

—

நான் பார்த்தது சின்ன உயிர்தான். வடக்கு விளிம்பில் கைபாப் அணில்: கரிய வயிறு, பஞ்சு போல வெள்ளை வால். எதிர்க்கரையில் அதன் உறவான ஏபர்ட் அணிலுக்கு வயிறு வெள்ளை. நடுவில் இந்தப் பள்ளம் கிடப்பதால் இரண்டும் கலப்பதே இல்லை. பாண்டரோசா பைன் மரத்தடியில் எதையோ தோண்டித் தின்றுகொண்டிருந்தது. 2025 ஜூலையில் காட்டுத்தீ அங்கிருந்த பழைய லாட்ஜை எரித்த செய்தி வந்த அன்று, அந்த மரம் நிற்கிறதா என்றுதான் முதலில் நினைத்தேன்.