கொரோனா தடுப்பூசிக்காக நாடுகள் அடித்துக்கொண்டபோது உங்களுக்கு என்ன நடந்தது?

லீட்ஸ் மாணவன்

நானே ஆரம்பிக்கிறேன். 2021 செப்டம்பர் கடைசியில் முதுகலை படிக்க இங்கிலாந்து கிளம்பினேன். இரண்டு டோஸ் கோவிஷீல்டும் போட்டாகிவிட்டது, அதாவது புனே சீரம் நிறுவனம் செய்யும் அஸ்ட்ராசெனகா ஊசி. அப்போது இந்தியாவில் இரண்டு ஊசிக்கும் நடுவே 84 நாள் இடைவெளி. படிக்க, வேலை பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒலிம்பிக் அணிக்கும் மட்டும் 28 நாள் முடிந்தால் போதும் என்று ஜூனில் தளர்த்தியிருந்தார்கள். அட்மிஷன் கடிதத்தைக் காட்டி ஊசியைப் போட்டுக்கொண்டு, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தரும் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணையும் ஏற்றிவிட்டு, இனி கவலையில்லை என்று பெட்டி கட்டினேன்.

கிளம்பும் நேரத்தில் பிரிட்டனின் புதிய பயண விதி வந்தது. இந்தியாவில் ஊசி போட்டவர்கள் ஊசியே போடாதவர்களாகக் கணக்கு. வந்ததும் பத்து நாள் தனிமை, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் சோதனை. டெல்லி இதைப் பாகுபாடு என்றது. செப்டம்பர் 22-ஆம் தேதி பிரிட்டன் ஏற்கும் ஊசிகளின் பட்டியலில் கோவிஷீல்டு பெயரைச் சேர்த்தார்கள். அப்பாடா என்று நினைத்தால், ஊசியில் சிக்கல் இல்லை, சான்றிதழில்தான் சந்தேகம் என்று அடுத்த விளக்கம்.

நான் தங்கிய வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டு அங்கிருந்தே பேசுவார். ஒருநாள் தன் ஊசி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். பேட்ச் எண் 4120Z என்று ஆரம்பித்தது. அது புனே சீரம் நிறுவனத்தில் செய்தது! பிரிட்டன் அங்கே ஒரு கோடி டோஸ் கேட்டு, 50 லட்சம் வாங்கித் தன் மக்களுக்குப் போட்டிருந்தது. அதே ஊசி அவர் கையில் ஏறினால் செல்லும், என் கையில் ஏறினால் செல்லாது. அவருக்கும் முழுச் சுகம் இல்லை. அந்த ஜூலையில் அதே பேட்ச் போட்ட பிரிட்டிஷ்காரர்கள் சிலரை மால்டாவுக்குப் போகும் விமானத்தில் ஏற்றவில்லை, ஐரோப்பிய மருந்து முகமை புனே தயாரிப்பை அங்கீகரிக்கவில்லை என்று.

அக்டோபர் 4-இலிருந்து இந்தியாவும் பதிலுக்கு பிரிட்டிஷ் பயணிகளைப் பத்து நாள் உட்கார வைத்தது. 11-ஆம் தேதி பிரிட்டன் விதியைத் தளர்த்தியது. ஒரே வாரம். மருத்துவக் காரணம் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை

தம்பி, உங்களுக்காவது இரண்டு ஊசியும் கிடைத்தது. என் அம்மாவுக்கு முதல் டோஸ் கோவிஷீல்டு, கொழும்பில் போட்டார்கள். ஜனவரி 28-ஆம் தேதி இந்தியா அன்பளிப்பாக ஐந்து லட்சம் டோஸ் அனுப்பி, சனாதிபதியே விமான நிலையம் போய் வாங்கிய காலம். இரண்டாவதுக்கு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதி வந்தது, ஊசி வரவில்லை. இந்தியாவில் இரண்டாம் அலை தொடங்க, ஏற்றுமதி நின்றுபோயிற்று. இலங்கையில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேர் ஒற்றை ஊசியோடு நின்றார்கள்.

அதற்குள் சீனாவின் சினோபார்ம் வந்து குவிந்தது. அதுவும் நேராக வரவில்லை. மார்ச் கடைசியில் வந்த ஆறு லட்சம் டோஸை முதலில் இங்கே வேலை செய்யும் சீனர்களுக்குத்தான் போட்டார்கள். மே 7-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அனுமதி கொடுத்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு. எங்களுக்குப் பிறகு வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் போட்டு முடித்துவிட்டார். அம்மா யார் கேட்டாலும், "எனக்கு ஒண்டு போட்டாச்சு, மற்றது இந்தியாவில இருக்கு" என்பார்.

பகிடியாகச் சொன்னாலும் பயம்தான். கலந்து போடலாமா என்று மூன்று வைத்தியர்களைக் கேட்டால் மூன்று பதில். கிராம சேவகர் வீட்டுக்கு வந்து பட்டியலில் பெயர் எழுதுவார், "மேலிடத்தில பேசினம் அம்மா" என்பார், போவார். மேலிடம் எந்தெந்த நாட்டோடு பேசுகிறது என்று பேப்பரில்தான் பார்ப்போம். கடைசியில் ஜப்பான் பதினான்கு லட்சத்துக்கு மேல் அஸ்ட்ராசெனகா கொடுத்தது. ஜூலை 31 முதல் தொகுதி வந்து இறங்கியது. நேபாளமும் இப்படித்தான் நின்றது, அங்கும் ஜப்பான்தான் வந்தது. பூட்டானுக்கு மட்டும் அதிர்ஷ்டம் போல. முதல் சுற்று இந்திய ஊசி, இரண்டாவது சுற்றுக்கு அமெரிக்கா ஐந்து லட்சம் மொடர்னா கொடுக்க, ஜூலையில் ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட நாட்டுக்கே போட்டு முடித்துவிட்டார்கள்.

இந்தியாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுக்கும்போது கேமரா வைத்துக் கொடுத்தீர்கள், நிறுத்தும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சென்னை, ஆரம்ப சுகாதார நிலையம்

வெள்ளவத்தை நண்பருக்கு. நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் 2021 மே மாதம் இங்கே எப்படி இருந்தது என்பதையும் கேளுங்கள். நாட்டில் ஒரு நாளைக்கு நான்கு லட்சம் புதிய தொற்று. நிறுத்துவதற்கு முன் வெளியே போனது சுமார் 6.6 கோடி டோஸ். எங்கள் வாசலில் காலை ஐந்து மணிக்கே வரிசை. நூறு டோஸ் வந்தால் நூறு டோக்கன், நூற்றொன்றாவது ஆளிடம் திட்டு வாங்குவது என் வேலை. "வெளிநாட்டுக்கு அள்ளிக் கொடுத்துட்டு எங்களுக்கு இல்லையாமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்த அரசும் ஏற்றுமதியைத் தொடர்ந்திருக்காது.

பிறகு 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600. தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை! மத்திய அரசுகளோடு மட்டும்தான் பேசுவோம் என்று பெரிய அமெரிக்க நிறுவனங்கள் மற்ற மாநிலங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டன. ஒரு மாநிலம் கடைக்குப் போய் வாங்கும் பொருளில்லை அது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் பொதுத்துறை தடுப்பூசி வளாகம் கட்டி வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கேட்டார். அதுவும் நடக்கவில்லை.

ஹைதராபாத் கொள்முதல்

தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸில் இருந்தேன். ஆலை பெயர் வேண்டாம். எல்லாரும் ஊசி எண்ணிக்கையைப் பேசுகிறீர்கள், அது எதில் தயாராகிறது என்று யாரும் கேட்பதில்லை. செல் வளர்க்கும் ஒருமுறைப் பைகள், கிருமி வடிகட்டிகள், வளர்ப்பு ஊடகம். இவற்றைச் செய்யும் பெரிய கம்பெனிகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பாதி அமெரிக்காவில்.

2021 ஏப்ரல் 16-ஆம் தேதி சீரம் தலைவர் ஆதார் பூனாவாலா, மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்குங்கள் என்று பைடனையே குறிப்பிட்டு ட்வீட் போட்டது நினைவிருக்கும். அமெரிக்கா தடையே இல்லை என்றது. கேட்டால் சிரிப்பு வரும், இரண்டுமே உண்மை. அவர்களிடம் பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் என்று ஒன்று, கொரியப் போர்க் காலத்தது. அரசு முத்திரை விழுந்த ஆர்டரை முதலில் முடிக்க வேண்டும், மற்றவை பின்னால். ஏற்றுமதி கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் அனுப்பும் தேதி என்ற கட்டத்தில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்று மட்டும் இருக்கும். அடுத்த வாரமும் அதே வரி. சண்டை போடக்கூட ஒரு 'இல்லை' கிடைக்காது.

வேறு கம்பெனி வடிகட்டி வாங்கவேண்டியதுதானே என்று நிதிப் பிரிவு கேட்பார்கள். வடிகட்டியை மாற்றினால் சோதனையை மறுபடி ஓட்டி, கட்டுப்பாட்டு அமைப்பிடம் காகிதம் போட்டு, அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் அலையே முடிந்துவிடும். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கா கோவிஷீல்டுக்கான பொருள்களைத் தருகிறோம் என்று அறிவித்தது. எங்களைப் போன்ற அடுத்த வரிசை ஆலைகளுக்கு அந்த அறிவிப்பால் ஒரு பையும் சீக்கிரம் வந்துவிடவில்லை.

நியூரி நர்ஸ்

வட அயர்லாந்து, அயர்லாந்து எல்லையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எங்கள் ஊர். எங்கள் பக்கம் பிரிட்டன், அந்தப் பக்கம் ஐரோப்பிய ஒன்றியம். 2021 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. அஸ்ட்ராசெனகா தருவதாகச் சொன்னதைக் குறைத்துவிட்டது என்று ஐரோப்பிய ஒன்றியம் கொதித்துக்கொண்டிருந்த வாரம். அன்று ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவருகிறேன் என்று, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் ஒப்பந்தத்தில், வட அயர்லாந்து நெறிமுறையின் 16-ஆவது பிரிவை எடுத்தார்கள். அதாவது எங்கள் எல்லையில் தடுப்பூசிக்குச் சோதனை. இந்த ஊரில் எல்லைச் சோதனை என்றால் பெரியவர்களின் முகம் மாறும், முப்பது வருஷக் கலவரம் பார்த்தவர்கள். லண்டன், டப்ளின், பெல்ஃபாஸ்ட் மூன்றும் ஒரே குரலில் கத்திய அபூர்வ நாள். ராத்திரிக்குள் வாபஸ்.

எனக்கு அன்று வேறு கவலை. நாங்கள் போட்டுக்கொண்டிருந்த ஃபைசர் பெல்ஜியத்தின் பூர்ஸ் ஊரிலிருந்து வருவது. திங்கட்கிழமைப் பெட்டி வருமா வராதா?

ஃபைசர் குப்பி பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே 0.45 மில்லிதான். 1.8 மில்லி சலைன் சேர்த்து, குலுக்காமல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து, ஒருவருக்கு 0.3 மில்லி. முதலில் குப்பிக்கு ஐந்து டோஸ் என்றார்கள். நுனியில் மருந்து தங்காத சிரிஞ்சாக இருந்தால் ஆறு எடுக்கலாம். ஜனவரியில் ஆறு என்பதே அதிகாரபூர்வக் கணக்கானது, ஒப்பந்தமோ டோஸ் கணக்கில். ஆக, அதே ஒப்பந்தத்துக்குக் குப்பி குறையும். அந்தச் சிரிஞ்ச் இல்லாத நாட்டுக்காரன் ஆறுக்குக் காசு கொடுத்து ஐந்துதான் போடுவான். ஆறாவதை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கலக்கி ஆறு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும் என்பதால் மாலையில் மிச்சமிருந்தால் துப்புரவுப் பணியாளர்களைத் தேடி ஓடுவேன்.

லிலாங்வே

மலாவியில் சரக்கு அனுப்பும் வேலை. மார்ச் கடைசியில் ஆப்பிரிக்க ஒன்றியம் வழியாக 1,02,000 டோஸ் அஸ்ட்ராசெனகா வந்தது. பெட்டி இறங்கும்போதே காலாவதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. சாலை இல்லாத ஊர்களுக்கு அதற்குள் எப்படிக் கொண்டுபோவது? அதே மார்ச்சில்தான் ரத்தக்கட்டு பயத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் அதே ஊசியை நிறுத்தி வைத்தன. எங்கள் லாரி டிரைவர் கேட்டார்: "அவங்க வேண்டாம்னு வச்சதைத்தான் நமக்கு அனுப்பறாங்களா?" நான் என்ன விளக்கினாலும் அவர் போட்டுக்கொள்ளவில்லை.

மே 19-ஆம் தேதி மிச்சம் 19,610 டோஸை அரசு எல்லார் முன்னாலும் எரித்தது, கெட்டுப்போனதை யாருக்கும் போடமாட்டோம் என்று காட்டத்தான். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை 'ஏழை நாடு வீணடித்தது' என்ற தொனியில் எழுதின. அந்த டிசம்பரில் நைஜீரியாவும் பத்து லட்சத்துக்கு மேல் அழித்தது, அதே காரணம். மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்துவிட்டு கடைசியில் தானமாகத் தருகிறவர்களைப் பற்றி அவ்வளவு சூடாக யாரும் எழுதவில்லை.

குவைத் டிரைவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். லீவில் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன். முகாமில் அன்றைக்கு இருந்தது கோவாக்சின், போட்டேன். குவைத் ஏற்கும் பட்டியலில் அது இல்லை. கோவிஷீல்டு போட்ட என் ரூம்மேட் போய்ச் சேர்ந்துவிட்டான், நான் வீட்டில். வேறு ஊசி போடலாம் என்றால் கோவின் விடாது. கேரளத்தில் சவூதியில் வேலை பார்க்கும் ஒருவர், வேறு ஊசி போட அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார். நவம்பர் 3-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினை ஏற்றது. அதற்குள் முதலாளி வேறு டிரைவர் வைத்துவிட்டார். நம் நாட்டு ஊசி என்று பெருமையாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன்.

ஹைதராபாத் கொள்முதல்

டிரைவர் அண்ணன் கதைக்குப் பிறகு ஒன்று சொல்ல வேண்டும். தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் கேட்டது 2020 அக்டோபர் 2. அமெரிக்கா சரி என்றது 2021 மே 5. ஐரோப்பா இழுத்தது. ஏதோ ஒரு மெலிந்த முடிவு வந்தது 2022 ஜூன் 17. அப்போது சீரமே கையில் 20 கோடி டோஸ் தேங்கிப்போய் உற்பத்தியை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஆலையிலும் அதே கதை. தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்த பைகள் எல்லாம் ஒரேயடியாக வந்து இறங்கின, ஊசி வாங்க ஆளில்லை. பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று சப்ளையருக்கு எழுதினேன். முடியாது என்று அன்றைக்கே பதில் வந்துவிட்டது.