புதுப்பிப்பு: கிளிக் வருது, கமிஷன் வரலை – தீர்ந்தது

என் வலைத்தளத்தின் மிக்ஸி ஒப்பீட்டுப் பக்கத்தில் அஃபிலியேட் லிங்க்குகள் (அவற்றின் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கடை எனக்குக் கமிஷன் தரும்) வைத்திருக்கிறேன். அவற்றில் மாதம் 400 கிளிக் விழுந்தும் கமிஷன் பூஜ்யம் என்று புலம்பியிருந்தேனே, சரியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'லிங்க்கை அழுத்தி, கடைசியில் திறக்கும் முகவரியில் உங்கள் டேக் (வந்தவர் உங்கள் வழியாக வந்தார் என்று கடைக்குக் காட்டும் குறியீடு) இருக்கிறதா பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. டேக் இல்லை! லிங்க்கைச் சுருக்க நானே போட்ட ரீடைரக்ட் (சுருக்கிய முகவரியிலிருந்து கடையின் முகவரிக்குத் திருப்பிவிடுவது), முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்த அத்தனையையும் வெட்டியிருக்கிறது. டேக் உட்கார்ந்திருப்பதே அங்கேதான். முழு லிங்க்கைப் போட்டேன். கேஷை, அதாவது சேமிப்பில் தங்கியிருந்த பழைய பக்கப் பிரதியை, அழிக்க மறந்ததில் இரண்டு நாள் வீண்.

ஒன்பதாம் நாள் முதல் கமிஷன், 212 ரூபாய். வேடிக்கை என்னவென்றால் அது மிக்ஸிக்கு இல்லை. லிங்க் வழியாகப் போனவர் குக்கர் வாங்கியிருக்கிறார். அதுவும் கணக்கில் சேருமாம்.

இது பணம் கிடைக்கும் லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்ல கூகுள் 2019இல் கொண்டுவந்த 'ஸ்பான்சர்ட்' குறியையும் லிங்க்குகளில் சேர்த்துவிட்டேன். டேக் இல்லாமல் போன பழைய கிளிக்குகள் போனவைதான்.